குதிரைக்கு இந்த மண் ஒவ்வாதா?

தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில், இன்று பழைய காயல் என்னும் சிற்றூராக அடங்கிக் கிடக்கும் பழம்பெரும் துறைமுகத்தில், 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹோர்முஸ், கிஷ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து மரக்கலங்கள் வந்து குதிரைகளை இறக்கிய வண்ணம் இருந்தன. அந்நாளில் இந்நாட்டை ஆண்ட பாண்டிய சகோதரர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000 குதிரைகள் வரை வாங்கியும், ஆண்டு முடிவில் 100 குதிரைகள்கூட மிஞ்சுவதில்லை என்று அக்காலத்தில் இக்கரையைக் கண்ட வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். யாத்திரிகர் சொல்லும் தொகையில் மிகை இருக்கக்கூடும். ஆயினும் அவரைப் படித்தறியாத பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாபும், கிஷ் தீவிலிருந்து மட்டும் ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் மாபார் என்று அவர் அழைக்கும் இப்பாண்டிய நாட்டுக்கு அனுப்பப்பட்டன என்றும், குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார் விலை என்றும், கடலில் மாண்ட குதிரைக்கும் அரசாங்கப் பொக்கிஷமே விலை கொடுத்தது என்றும், கரையேறியவையும் நெடுநாள் பிழைப்பதில்லை என்றும் கூறுவதால், செய்தியின் சாரத்தைச் சந்தேகிக்க இடமில்லை. ஒரு தேசத்தின் செல்வம் தலைமுறை தலைமுறையாகக் குதிரைச் சடலங்களாக மாறி மண்ணோடு கலந்தது என்றால், அது ஏன் என்று கேட்பது சரித்திர ஆராய்ச்சியாளருக்கு மட்டும் உரிய வேலையன்று. இன்று அந்தியூர்ச் சந்தையில் பணத்தை எண்ணி வைத்துக் குதிரை வாங்கும் ஒவ்வொருவருக்கும் அந்தக் கேள்வி உரியது.

அதற்கு அன்றுமுதல் இரண்டு விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. உஷ்ணமும் ஈரமும் மிகுந்த இந்த மண்ணும் காற்றும் குதிரைக்கு ஒவ்வா என்பது ஒன்று; மண்மீது பழியில்லை, வளர்க்கும் முறை தெரியாதவர் கையில் அகப்பட்டதே அவற்றின் விதியாயிற்று என்பது மற்றொன்று. மார்க்கோ போலோவே இவ்விரண்டையும் கலந்து சொல்கிறார். இந்நாட்டில் நல்ல பெட்டைக்கும் நல்ல ஆண் குதிரைக்கும் பிறக்கும் குட்டிகூடக் கால் கோணிச் சவாரிக்கு உதவாததாகப் பிறக்கிறது என்கிறார். குதிரைகளுக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துப் போடுகிறார்கள் என்கிறார். குதிரை வைத்தியமும் லாடம் அடிக்கும் வேலையும் தெரிந்தவர் எவரும் இங்கே இல்லை என்றும், அத்தகையோரைக் குதிரை வியாபாரிகள் வரவிடுவதில்லை என்றும், குதிரைகள் மடிந்தால்தானே மறு வருஷமும் வியாபாரம் நடக்கும் என்பது அவர்கள் எண்ணம் என்றும் சொல்கிறார். வஸ்ஸாப் தரும் தீவன விவரம் இன்னும் நுட்பமானது: வறுத்த பார்லி, வெண்ணெய் சேர்த்து வேகவைத்த தானியம், குடிப்பதற்குக் காய்ச்சிய பசும்பால். இவை அன்பில்லாதவர் கொடுத்த தீவனம் அல்ல. குழந்தைக்கும் விருந்தாளிக்கும் எதைச் சிறந்ததென்று படைப்பார்களோ, அதையே பெருவிலை கொடுத்து வாங்கிய குதிரைக்கும் படைத்திருக்கிறார்கள். அந்த உபசாரமே அவற்றின் உயிருக்கு எமனாயிற்று என்பதுதான் பரிதாபம்.

ஏன் அப்படி என்பதைக் குதிரையின் சரீர அமைப்பைக் கொண்டுதான் விளக்க வேண்டும். குதிரை, வாந்தி எடுக்க இயலாத பிராணி. உணவுக்குழாய் இரைப்பையோடு சேருமிடத்தில் உள்ள தசைக்கட்டு, உட்சென்றதை மீண்டும் மேலே வரவிடாது. 450 கிலோ எடையுள்ள அந்தப் பெரிய உடலில் இரைப்பை 10 முதல் 15 லிட்டர் வரையே கொள்ளும். ஆனால் பெருங்குடலும் அதன் முகப்பிலுள்ள பையும் சேர்ந்து 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும். சிறிது சிறிதாக, இடைவிடாமல், நாளில் 14 முதல் 18 மணி நேரம் வரை புல்லைக் கடித்து மென்று விழுங்கி, அந்த நாரைப் பெருங்குடலில் வாழும் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்க வைத்து, அதிலிருந்து பலம் பெறுவதற்கென்றே அமைந்த ஜீரண யந்திரம் அது. மாட்டுக்கு நொதிக்கும் பை முன்னே இருக்கிறது. குதிரைக்குப் பின்னே இருக்கிறது. மாடு வளர்த்துப் பழகிய நம் கிராமத்துக் குடும்பங்கள் குதிரை வளர்ப்பில் தடுமாறுவதற்கு முதற்காரணம் இந்த ஒரு வேற்றுமையே. மாட்டுக்கு வார்க்கும் கஞ்சியையும் மீந்த சோற்றையும் குதிரைக்கு ஒரே வேளையில் நிறைய வைத்தால், சிறுகுடல் செரிக்கக்கூடிய அளவுக்கு மேற்பட்ட மாவுச்சத்து அப்படியே பெருங்குடலை அடைந்து, புளித்து அமிலமாகி, அங்குள்ள நல்ல நுண்ணுயிர்களைக் கொன்று, அவை சிதைவதால் உண்டாகும் நச்சுப் பொருள்களை இரத்தத்தில் கலக்கச் செய்கிறது. அன்று மாலை வயிற்றுச் சூலை வரலாம்; அதிலிருந்து தப்பினால் மறுநாளோ அதற்கு மறுநாளோ குளம்பு அழற்சி வரலாம். இரண்டும் உயிர்க்கொல்லிகள்.

மண்ணின்மேல் பழி சுமத்துவோருக்கு மறுமொழியாகச் சாட்சி சொல்லத்தக்க குதிரைகள் நம் கரையிலேயே இருக்கின்றன. நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரைச் சரணாலயத்தில், யாரும் தீவனம் வைக்காத, யாரும் லாடம் அடிக்காத மட்டக்குதிரைகள் காட்டு வாழ்வுக்குத் திரும்பி, தலைமுறைகளாக இனம் பெருக்கி வாழ்கின்றன. பாக்கு நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே உள்ள நெடுந்தீவிலும் அவ்வாறே. போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் விட்டுச்சென்ற குதிரைகளின் சந்ததி, முருகைக் கல்லும் உவர்ப்பும் நிறைந்த அந்த வறண்ட தீவில் மேய்ந்து திரிகிறது. இவற்றுக்கு வெண்ணெய்ச் சோறு இல்லை, லாயமும் இல்லை. இருப்பவை நாள் முழுதும் நடப்பதற்கு வெளியும் கடிப்பதற்குப் புல்லும் மட்டுமே. நெடுந்தீவுக் குதிரைகள் மடியும்போது பெரும்பாலும் வறட்சியில், நீர்நிலைகள் வற்றிய கோடையில் மடிகின்றன. அரேபியாவிலிருந்து வந்த உயர்ந்த ஜாதிக் குதிரையையும் பல தலைமுறைகளின் வடிகட்டலில் மிஞ்சிய சிறிய மட்டக்குதிரையையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் குதிரை என்ற பிராணிக்கே இக்கடற்கரை ஒவ்வாது என்ற வாதம் கோடியக்கரையில் நிற்காது.

அப்படியானால் தட்பவெப்பத்துக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. குதிரை, மனிதனைப் போல வியர்வையால் உடலைக் குளிர்வித்துக்கொள்ளும் பிராணி. கடுமையாக ஓடும் குதிரை மணிக்கு 10 லிட்டருக்கும் மேலாக வியர்வை சிந்தும். அந்த வியர்வையோடு உப்பும் பெருமளவு வெளியேறும். காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரை நகரங்களில் வியர்வை ஆவியாகாமல் உடலிலேயே வழிவதால் உஷ்ணம் இறங்குவதில்லை. நாளடைவில் சில குதிரைகளுக்கு வியர்க்கும் சக்தியே அற்றுப்போகிறது. குளிர்ந்த தேசங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட பந்தயக் குதிரைகளிடம் வெள்ளைக்காரர் காலத்திலேயே கண்டறியப்பட்ட இந்த வியர்வையறும் நோயில், வெயிலில் நின்ற குதிரை உலர்ந்த மயிரோடு, மூக்குத் துவாரம் விரிய மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். பாண்டியன் குதிரைகளில் ஒரு பகுதி இவ்வாறு மாண்டிருக்கலாம். ஓசூர்ப் பீடபூமியில் 1824ஆம் ஆண்டு ராணுவக் குதிரைப் பண்ணையை நிறுவியவர்களும், மைசூர் சமஸ்தானத்தில் குணிகல் பண்ணையை வளர்த்தவர்களும் கடற்கரையை விட்டு உயர்ந்த, காற்று உலர்ந்த நிலத்தை நாடியதன் பொருத்தம் இதிலிருந்து விளங்கும்.

வெயிலில் சுருண்ட குதிரையின்மீது குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது, களைத்த குதிரைக்கு உடனே தண்ணீர் காட்டக் கூடாது என்பவை வண்டிக்காரர்களிடம் ஊறிப்போன நம்பிக்கைகள். 1996ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் கோடைப் புழுக்கத்தில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களை முன்னிட்டு இது குறித்து விரிவாகச் சோதித்துப் பார்த்தார்கள். உடல் முழுவதும் குளிர்ந்த நீரை இடைவிடாமல் ஊற்றுவதே உயிரைக் காக்கும் முறை என்பதும், அதனால் தசை பிடித்துக்கொள்ளும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை என்பதும் அதில் தெளிவாயின. நிழலும், ஓடும் காற்றும், மேலே ஊற்ற நீரும், குடிக்க நீரும், தீவனத்தில் நாளொன்றுக்கு ஒரு கைப்பிடி கல்லுப்பும் இருந்தால் தமிழ்நாட்டுக் கோடையைக் குதிரை தாங்கும். ஓய்வாக நிற்கும் குதிரைக்கே நாளொன்றுக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் நீர் வேண்டும்; வேலை செய்யும் குதிரைக்குக் கோடையில் அதைப் போல் இரு மடங்குக்கும் மேல் வேண்டும். ‘காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி’ என்று கணக்கு வைத்திருப்பவர் தம் குதிரையை நாள்தோறும் தாகத்தில் நிறுத்தியிருக்கிறார் என்றே சொல்ல வேண்டும். அந்தத் தாகமே குடலில் நார் இறுகி அடைத்துக்கொள்வதற்கும் காரணமாகிறது.

தட்பவெப்பம் தானே நேரில் செய்யும் தீங்கைவிட, பூச்சிகளின் மூலம் செய்யும் தீங்கு பெரிது. 1880ஆம் ஆண்டு அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில், விட்டு விட்டுக் காய்ச்சல் கண்டு, இரத்தம் குன்றி, கால்களும் அடிவயிறும் வீங்கி மாண்ட ராணுவக் குதிரைகளின் இரத்தத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்த கிரிஃபித் எவன்ஸ் என்ற மிருக வைத்தியர், அதில் நெளிந்து நீந்தும் ஒட்டுண்ணி ஒன்றைக் கண்டார். சர்ரா என்ற அந்நோயைப் பரப்புவது கடிக்கும் குதிரை ஈ. இன்று குயினாபைரமின் போன்ற மருந்துகளால் அதைக் குணப்படுத்தலாம். ஆனால் காய்ச்சல் தணிந்த நாளில் ‘தேறிவிட்டது’ என்று எண்ணி வைத்தியரை அழைக்காமல் விடுவோர் கையில் குதிரை மெல்ல மெல்லக் க்ஷீணித்து மாண்டுபோகும். கும்ரி என்று வழங்கும் மற்றொரு வியாதி மாட்டோடு சேர்த்துக் குதிரையைக் கட்டும் வழக்கத்தோடு தொடர்புடையது. மாட்டின் வயிற்றறையில் அதற்கு அதிகத் தீங்கு செய்யாமல் வாழும் ஒரு புழுவின் இளம் பருவம், கொசுவின் வழியாகக் குதிரைக்குள் புகுந்து, வழி தவறி முதுகுத்தண்டின் நரம்பில் அலைவதால், பின்னங்கால்கள் தள்ளாடத் தொடங்குகின்றன. மாட்டுத் தொழுவத்துக்கும் லாயத்துக்கும் இடையே தூரம் இருக்கட்டும் என்று சொல்வது இதனால்தான். 1959இல் மேற்காசியாவில் தொடங்கி 1960இல் இந்தியாவையும் எட்டிய ஆப்பிரிக்கக் குதிரை நோய், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சிறு கொசுகுகளால் பரவி, வழியெல்லாம் சேர்த்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரையினங்களைக் கொன்றது. இந்தியா அதிலிருந்து விடுபட்ட தேசமாக 2014இல் அங்கீகரிக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் ஒரு தட்டில் வைத்து, அன்றாடம் லாயத்தில் நடக்கும் பிழைகளை மறு தட்டில் வைத்தால், என் தீர்ப்பில் மறு தட்டே தாழும். அவற்றுள்ளும் தலைமையானது தீவனம். குதிரையின் உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்ந்த புல்லோ அதற்குச் சமமான பசும்புல்லோ நாள்தோறும் அதன் வயிற்றுக்குள் போயாக வேண்டும். தானியம் அதற்குமேல் சேர்வதேயன்றி அதற்குப் பதிலாகாது. நம் முன்னோர் குதிரைக்கென்று தேர்ந்த அறுகம்புல்லுக்கு ஈடான புல் இன்றும் அரிது. ஆனால் அதை வேரோடு பிடுங்கி மண்ணை உதறாமல் போட்டாலும், மணற்பாங்கான தரையில் தீவனத்தைக் கொட்டினாலும், மணல் குடலின் அடியில் படிந்து சூலையை விளைவிக்கும். சென்னைக் கடற்கரையில் சவாரிக்கு நிற்கும் குதிரைகளுக்குக் கொள்ளுப்பையை முகத்தில் கட்டி ஊட்டுவதில் உள்ள நியாயம் இதுவே. வைக்கோல் வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்காது. பல் தேய்ந்த கிழக் குதிரைக்கு அது குடலடைப்பையும் உண்டாக்கும்.

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று நாம் சொல்லிப் பழகிய அந்தக் கொள்ளைப் பற்றிச் சற்று நின்று பேசலாம். அது உண்மையிலேயே உயர்ந்த தீவனம். அதில் புரதம் நூற்றுக்கு இருபதுக்கும் மேல் இருக்கிறது. சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் ஏறக்குறைய சம அளவில் இருக்கின்றன. பச்சைக் கொள்ளில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் ஒன்று உண்டு. வேகவைத்தால் அது பெரும்பாலும் அழிந்துவிடும். ஆகவே ஊறவைத்து வேகவைத்துக் கொடுக்கும் பழைய வழக்கம் அனுபவத்தில் விளைந்த சாஸ்திரமே. இதற்கு நேர் எதிரானது தவிடு. அரிசித் தவிட்டிலும் கோதுமைத் தவிட்டிலும் பாஸ்பரஸ், சுண்ணாம்புச் சத்தைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு இருக்கிறது. விலை மலிவென்று மாதக்கணக்கில் தவிட்டையே வைத்தால், இரத்தத்தில் குறைந்த சுண்ணாம்பை உடல் தன் எலும்பிலிருந்தே கரைத்து எடுக்கத் தொடங்குகிறது. கரைந்த இடத்தில் நார் வளர்வதால் முகத்தெலும்பு இரு பக்கமும் பருத்து, கால் மாறி மாறி நொண்டி, எலும்பு மெலிந்து ஒடிகிறது. மாவு அரைக்கும் ஆலைகளின் குதிரைகளிடம் இந்நோய் மேனாடுகளில் முன்பு மிகுதியாகக் காணப்பட்டதால், ஆலைக்காரன் நோய் என்றே அதற்கு அங்கே ஒரு பெயர் உண்டு. சுண்ணாம்புச் சத்து மிகுந்த குதிரைமசாலை ஓரளவு சேர்த்துக் கொடுப்பது இதற்கு நல்ல மாற்று. அந்தச் செடிக்குத் தமிழ் உழவர் வைத்த பெயரிலேயே அது யாருக்கு உரியதென்பது இருக்கிறது. மார்க்கோ போலோ கண்ட கோணல் கால் குட்டிகளை நினைக்கும்போதெல்லாம், சோறும் தானியமும் தின்று சுண்ணாம்புச் சத்துக் குன்றிய தாய்க் குதிரைகளின் வயிற்றில் பிறந்தவையோ அவை என்ற எண்ணம் எனக்கு எழுகிறது. இது அனுமானமே, ஆனால் மண்ணின் மேல் பழி போடுவதைவிட நியாயமான அனுமானம்.

இன்னொரு அபாயம் புதியது. மாட்டுக்கும் கோழிக்கும் தயாராகும் சில தீவனங்களில் மொனென்சின் என்ற மருந்தைச் சேர்க்கிறார்கள். அவற்றுக்கு நன்மை செய்யும் அதே அளவு குதிரையின் இருதயத் தசையை அழித்துக் கொன்றுவிடக்கூடும். கோழித் தீவன மூட்டையும் குதிரைத் தீவனமும் ஒரே கொட்டகையில் இருக்கும் பண்ணைகளில் இதை ஆள்காரர் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளம் மூளையையே உருக்கும் நோயைத் தரும். அதைக் கொட்டிப் புதைக்க மனம் வராதவர் குதிரைக்கு வைப்பதை இன்றே நிறுத்த வேண்டும்.

தீவனத்துக்கு அடுத்தது குளம்பு. குதிரை தன் முழுப் பாரத்தையும் காலொன்றுக்கு ஒரே ஒரு விரலின் நுனியில் தாங்குகிறது. அந்த விரலெலும்பைக் குளம்பின் உட்சுவரோடு பிணைத்திருப்பவை, புத்தகத்தின் ஏடுகளைப் போல ஒன்றுக்குள் ஒன்று செருகிய மெல்லிய திசு மடிப்புகளே. குளம்பு அழற்சியில் அந்த மடிப்புகள் இரத்த ஓட்டம் கெட்டுப் பிரிகின்றன. முற்றினால் எலும்பு கீழ்நோக்கித் திரும்பிக் குளம்படியைத் துளைக்கவும் கூடும். தொடக்கத்திலேயே அறிய வழி உண்டு. குதிரை முன்னங்கால்களை முன்னே நீட்டிப் பாரத்தைப் பின்னங்கால்களில் சாய்த்து நிற்கும். திருப்ப முயன்றால் தயங்கும். குளம்பைத் தொட்டால் சுடும். குளம்புக்கு மேலே கணுவின் பின்புறத்தில் இரு பக்கமும் விரலை மெல்ல வைத்துப் பார்த்தால், சாதாரண நாளில் தேடினாலும் எளிதில் கிடைக்காத நாடி அன்று விரலைத் தள்ளிக்கொண்டு துடிக்கும். நல்ல நாளில் அந்த நாடியைத் தொட்டுப் பழகியவர்க்கே கெட்ட நாளில் அதன் பேதம் தெரியும்; ஆகவே குதிரையைத் தேய்த்துவிடும் ஒவ்வொரு காலையிலும் நான்கு கால்களையும் அவ்வாறு தொட்டுப் பார்ப்பதைக் குதிரைக்காரருக்கு வழக்கமாக்க வேண்டும். குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை சீவித் திருத்தாவிட்டால் நுனி நீண்டு, குதிகால் சரிந்து, தசைநாண் இழுபடும். லாடம் தேயவில்லையே என்று அதையே விட்டுவைப்பது சிக்கனம் அன்று. சாணமும் மூத்திரமும் ஊறிய தரையில் நின்ற குளம்பின் அடியில், நடுவிலுள்ள மெத்தைப் பகுதியின் பிளவில் கருத்த கசிவும் அழுகல் நாற்றமும் உண்டாகும். நாள்தோறும் அடி சுரண்டி உலர்ந்த தரையில் நிறுத்தினால் அது தானே அடங்கும்.

பல்லைப் பற்றி நம்மவர் அறிந்தது வயதை மதிப்பிடும் அளவோடு நின்றுவிடுகிறது. ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்குப் போய்ச் சற்று நின்று கவனித்தால், கத்தியவார், மார்வார்க் குதிரைகளின் உதட்டை விலக்கி முன்பல்லைப் பார்ப்பவரையும், நெற்றியிலும் கழுத்திலும் மார்பிலும் உள்ள சுழிகளை விரலால் தடவி நெடுநேரம் ஆலோசிப்பவரையும் நிறையக் காணலாம். கன்னத்துக்கு உள்ளே கடைவாய்ப் பல்லின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பவர் அரிது. குளம்பைத் தூக்கி அடியைப் பார்ப்பவர் அதனினும் அரிது. குதிரையின் பல் ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளிவந்துகொண்டே இருக்கிறது. தேய்வு சமமில்லாதபோது ஓரங்கள் கத்தி முனைபோல் கூர்மையாகிக் கன்னத்தையும் நாக்கையும் அறுக்கின்றன. பாதி மென்ற புல் உருண்டைகள் தொட்டியருகே விழுந்து கிடந்தாலும், சாணத்தில் முழுத் தானியம் காணப்பட்டாலும், கடிவாளத்துக்குக் குதிரை தலையை ஒரு பக்கம் சாய்த்தாலும், குற்றம் வாயில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை வைத்தியரைக் கொண்டு பல்லை அராவினால் அதே தீவனத்தில் குதிரை தேறும். சுழி பார்ப்பது பரம்பரை நம்பிக்கை. அதை நான் பழிக்கவில்லை. அந்த நேரத்தில் பாதியைக் குளம்புக்கும் பல்லுக்கும் கொடுத்தால் வாங்குபவருக்கு லாபம், குதிரைக்கு ஆயுள்.

சூலை கண்ட குதிரை, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். முன்னங்காலால் தரையைச் சுரண்டும். படுத்து எழுந்து புரளும். அப்போது தீவனத்தை உடனே அகற்றிவிட்டு, ஈறுகளின் நிறத்தையும் நாடியையும் பார்த்து வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். ஓய்ந்து நிற்கும் குதிரைக்கு நாடி நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும்; 60ஐத் தாண்டினால் நேரம் கடத்தக் கூடாது. இந்தச் சமயத்தில் மூக்கின் வழியாகவோ வாயின் வழியாகவோ எண்ணெயையும் சாராயத்தையும் புகட்டும் கொடுமை இன்னும் நடக்கிறது. அது நுரையீரலுக்குள் இறங்கி, சூலையில் பிழைக்க இருந்த குதிரையையும் மூச்சுக் காய்ச்சலில் கொன்றுவிடும். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடுவதும், மூச்சு நன்றாக வாங்கட்டும் என்று மூக்குத் துவாரத்தைக் கீறிவிடுவதும் வைத்தியம் அல்ல, வதை. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைப் போற்றிப் படம் எழுதிப் பாதுகாத்த தஞ்சைச் சரஸ்வதி மகாலையும், 1903இல் சென்னை வேப்பேரியில் தொடங்கிய மிருக வைத்தியக் கல்லூரியையும் உடைய நாட்டில் இவை இனியும் தொடர்வது தகாது.

தொற்று நோய்களுள் உடையவர் தாமே தடுக்கக்கூடியது தனுர்வாதம். மனிதன் வளர்க்கும் மிருகங்களுள் அதற்கு எளிதில் இரையாவது குதிரையே; லாட ஆணி தவறி ஏறிய சிறு புண் போதும். தாடை இறுகி, வால் விறைத்து, கண்ணின் உள்மூலைச் சவ்வு விழியை மறைக்கும் நிலை வந்தபின் காப்பாற்றுவது மிக அரிது. நான்கு வார இடைவெளியில் இரண்டு தடுப்பூசியும், பின் ஆண்டுதோறும் ஒன்றும் போட்டால் அந்த மரணம் அநேகமாக இல்லை. கிளாண்டர்ஸ் என்னும் மூக்குச் சளி நோய் அவ்வாறன்று; அதற்குத் தடுப்பூசி இல்லை, மனிதனுக்கும் தொற்றும். 1899ஆம் ஆண்டுச் சட்டம் அதை அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக வைத்தது; அதற்குப் பின் வந்த 2009ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே வைத்திருக்கிறது. மூக்கில் பிசுபிசுத்த சளியும் தோலில் உடையும் கட்டிகளும் கண்ட குதிரையை மறைத்துச் சந்தையில் விற்பவர், வாங்குபவரின் குழந்தைக்கும் தீங்கு செய்கிறார். குடற்புழுவுக்கு மருந்து தேவைதான். ஆனால் மாதந்தோறும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மருந்தைக் கொடுத்து வந்ததன் பலனாகப் புழுக்கள் மருந்துக்கு அஞ்சாதவையாகிவிட்டன. சாணத்தைச் சோதித்து முட்டைகளை எண்ணிப் பார்த்தபின் மருந்து கொடுப்பதும், மேயும் இடத்துச் சாணத்தை அள்ளிவிடுவதும் இப்போது வைத்தியர்கள் ஒப்பும் முறை.

பாம்பு கடித்தவருக்கு மருத்துவமனையில் ஏற்றும் விஷமுறிவு மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்பதை இங்கே சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுக்கும் விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தே அம்மருந்து செய்கிறார்கள். வயலில் கட்டுவிரியனிடம் கடிபட்டுப் பிழைத்த ஒவ்வொரு உழவரும் முகம் தெரியாத ஒரு குதிரைக்குக் கடன்பட்டவர். அந்தக் குதிரைகளின் தீவனமும் ஓய்வும் உடல்நலமும் நம் பொது நலத்தைச் சேர்ந்த விஷயமாகும்.

2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆறு லட்சத்துக்கு மேல் இருந்த இந்தியக் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய மூன்று லட்சத்து நாற்பதாயிரமாகக் குறைந்துவிட்டன. ஜட்கா வண்டியும் சுமையும் மறைந்துவருவது அதற்குக் காரணம். அதற்காக வருந்த வேண்டியதில்லை. ஆனால் அவற்றோடு, தகப்பனிடமிருந்து மகன் கற்ற குதிரைக்காரர் தொழிலறிவும் மறைகிறது. மறுபுறம் ஆசைக்காகவும் அழகுக்காகவும் குதிரை வாங்கும் புதியவர்கள் பெருகிவருகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது. சந்தைக்குப் புறப்படும் முன்னர், ஓராண்டுப் புல்லுக்கு நிலமோ வழியோ உண்டா, கோடையில் நாளொன்றுக்கு ஐம்பது அறுபது லிட்டர் தண்ணீர் கிடைக்குமா, கூப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் வரக்கூடிய, குதிரை பார்த்த அனுபவமுள்ள மிருக வைத்தியர் யார், குளம்பு சீவ யார் வருவார் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான்கில் ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும், அந்த விடை கிடைக்கும் வரை குதிரை வாங்காதீர்கள்.